வெலிங்டனுக்கு எழுதுவதா, சென்னையில் வழக்குத் தொடுப்பதா? பழைய படைப்பதிவுப் பிழைகளைத் திருத்தும் வழிகள்

தரைப்படையிலிருந்து முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்று வந்த ஒருவர், தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் ஆதார் அட்டையையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால், மூன்றிலும் அவருடைய பெயர் ஒரே எழுத்துகளில் இருப்பது அபூர்வம். பெயரோடு நின்றால் பரவாயில்லை. மனைவியின் பெயர், அவருடைய பிறந்த தேதி, பணிக்காலத்தின் சில மாதங்கள், இறுதியாக வகித்த பதவி, படையில் வந்த நோய்க்கு எழுதப்பட்ட காரணம் என்று பிழை எங்கு வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்றே அவசரமும் கோபமும் வந்துவிடுகின்றன. கேண்டீன் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நின்றவர் சொன்ன யோசனையே வழியாகிவிடுகிறது. அவருக்குப் பலித்த வழி இவருக்கும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஏனெனில் அவருடைய பிழை வேறு, இவருடைய பிழை வேறு. அதிகாரிகள் அல்லாத படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இன்று திறந்திருக்கும் வழிகளை, எந்தப் பிழைக்கு எது பொருந்தும் என்ற நோக்கில் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பிழை எந்த ஏட்டில் பிறந்தது என்பதைத்தான். ஒரு சிப்பாயின் மூல ஆவணம் அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட் அலுவலகத்தில் இருக்கும் ஷீட் ரோல். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரியிலுள்ள வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மின்னியல் இயந்திரவியல் பொறியாளர் படையான ஈ.எம்.இ.க்குச் செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு என்று அவை நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கடற்படையினருக்கு மும்பை மான்குர்ட், வான்படையினருக்கு டெல்லி சுப்ரோதோ பார்க். திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, விடுப்பு முதலிய எல்லாம் தரைப்படையில் பார்ட் டூ ஆர்டராக வெளியிடப்பட்டு ஷீட் ரோலில் ஏறும். வான்படையில் அதற்குப் பி.ஓ.ஆர். என்றும் கடற்படையில் ஜென்ஃபார்ம் என்றும் பெயர். இந்த மூலத்திலிருந்து அனுப்பப்பட்ட விவரங்களைக் கொண்டே தரைப்படையினருக்கான ஓய்வூதிய ஆணையைப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் வழங்கியது. அந்த ஆணையின் விவரங்களே பின்னர் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்டன. ஆகவே ஒரே தவறு மூன்று இடங்களில் தோன்றலாம்; மூன்று இடங்களில் மூன்று வேறு தவறுகளும் இருக்கலாம்.

இதனால் எந்தத் திருத்தக் கோரிக்கைக்கும் முன்பு ஆவண நகல்களைக் கேட்டு வாங்குவது முக்கியம் என்று நான் கருதுகிறேன். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரெக்கார்ட் அலுவலகத்துக்குச் சாதாரணக் கடிதம் எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். கடிதத்துக்குச் செலவில்லை, ஆனால் பதில் வரும் நாளுக்கும் கணக்கில்லை. தகவல் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மத்தியத் தகவல் ஆணையம் என்று ஏணி இருக்கிறது. நகல் மட்டும் அல்லாமல், கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. தகவல் மனு ஒரு பிழையையும் திருத்தாது என்பதைச் சிலர் மறந்துவிட்டு, ‘ஏன் இன்னும் திருத்தவில்லை’ என்று அதிலேயே சண்டை பிடிக்கிறார்கள். அது வீண். ‘என் ஷீட் ரோலின் சான்றிட்ட நகலைத் தருக’, ‘என் திருமணத்தை வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் எண்ணையும் தேதியையும் நகலையும் தருக’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பயன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓய்வூதியம் இல்லாமல் படைவிலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்று தரைப்படை ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதற்குப் பின் எஞ்சுவது பெயர், எண், சேர்ந்த நாள், விலகிய நாள் முதலிய சில வரிகளைக் கொண்ட லாங் ரோல் மட்டுமே. ‘ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன’ என்ற பதில் வந்தால், கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம்தான் அவருடைய ஒரே சாட்சி. அதை லேமினேட் செய்யாமல், தெளிவாக ஸ்கேன் செய்து, மூலத்தைப் பத்திரமாக வைப்பது நல்லது.

அடுத்து, பெயர்ப் பிழை. இது எண்ணிக்கையில் மிக அதிகம், தன்மையில் மிக எளிது. ஆனால் தவறான இடத்தில் முறையிடுவோரும் இதில்தான் அதிகம். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்து, குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் எப்போதும் தவித்திருக்கிறது. மு. பழனிச்சாமி என்று சேர்ந்தவர் ஓர் ஏட்டில் பழனிச்சாமி முத்து ஆனார், இன்னொன்றில் எம். பழனி சுவாமி ஆனார்; ழகரம் எழுத்தருக்கு எழுத்தர் வெவ்வேறு வேடம் பூண்டது. வங்கிக் காசாளர் முகத்தைப் பார்த்துப் பணம் தந்த காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. ஆதாரும் ஓய்வூதியப் பதிவும் இயந்திரத்தில் பொருந்த வேண்டிய காலம் வந்ததும், ஆண்டுதோறும் தரும் உயிர்ச்சான்றிதழே சிக்கலாகிவிட்டது.

இதற்கு மூன்று வழிகளை ஒப்பிட வேண்டும். ஷீட் ரோலில் பெயர் சரியாக இருந்து, ஓய்வூதிய ஆணையிலோ ஸ்பர்ஷிலோ மட்டும் எழுத்து மாறியிருந்தால், ஸ்பர்ஷ் வழியாகவே திருத்தக் கேட்பது குறுகிய வழி; இணையம் பழகாதவர்கள் அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தையோ ஸ்பர்ஷ் சேவை மையத்தையோ நாடலாம். ஷீட் ரோலிலேயே பெயர் பிழை என்றால் ஸ்பர்ஷில் எத்தனை முறை விண்ணப்பித்தாலும் அது ரெக்கார்ட் அலுவலகத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். எனவே பிரமாணப் பத்திரம், கல்விச் சான்று, பெயர் மாற்றமாகக் கருதப்பட்டால் நாளிதழ் விளம்பரம் ஆகியவற்றோடு நேராக ரெக்கார்ட் அலுவலகத்துக்கே எழுத வேண்டும். மூன்றாவது வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை: படைப்பதிவை விட்டுவிட்டு ஆதாரைத் திருத்துவது. ஆதாரில் பெயரை இரண்டு முறை வரை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போனால் இந்த வழி புதிய சிக்கலைத்தான் உண்டாக்கும். ஆனால் ஆதாரில் மட்டும் பதிவுசெய்தவர் அவசரத்தில் பெயரைச் சிதைத்திருந்தால், நாற்பது ஆண்டுப் பழைய பதிவைப் புரட்டச் சொல்லிப் போராடுவதைவிட ஆதார் மையத்துக்கு ஒரு நடை போய்வருவது மேல்.

பணிக்காலப் பிழை அப்படி எளிதல்ல, ஏனெனில் அதில் பணம் நேரடியாகத் தொங்குகிறது. ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2019லும் 2024லும் மறுநிர்ணயம் செய்யப்பட்டது. அதன் அட்டவணைகள் பதவி, குரூப் எனப்படும் தொழிற்பிரிவு, தகுதியான பணிக்காலம் ஆகியவற்றைக் கொண்டு அரையாண்டுப் படிகளாக ஏறுகின்றன. மூன்று மாதமும் அதற்கு மேலும் உள்ள உதிரிக் காலம் அரையாண்டாகக் கொள்ளப்படும். ஆகவே 19 ஆண்டு 2 மாதம் என்று பதிவாகியிருப்பவருக்கும் 19 ஆண்டு 3 மாதம் என்று பதிவாகியிருப்பவருக்கும் இடையே ஆயுள் முழுவதும் நீளும் வேறுபாடு உண்டு. விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பிய நாட்கள், பின்னர் முறைப்படுத்தப்பட்டும், தகுதியற்ற காலமாகவே கணக்கில் நின்றுபோயிருந்தால், அந்த முறைப்படுத்திய ஆணையின் நகல்தான் வழக்கின் உயிர். அது கிடைத்தால் ரெக்கார்ட் அலுவலகமே போதும். கிடைக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது.

இதில் நுட்பமான ஒரு தேர்வு இருக்கிறது. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலான பதவியினருக்குப் பணி ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் தேவை. 14 ஆண்டு 6 மாதம் என்று பதிவாகி ஓய்வூதியமே இல்லாமல் வந்த ஒருவர், அந்த ஆறு மாதத்தைத் தவறாகக் கழித்துவிட்டார்கள் என்று பதிவைத் திருத்தக் கேட்கலாம். அல்லது பதிவை அப்படியே ஏற்றுக்கொண்டு, பற்றாக்குறையை மன்னிக்கும்படி கேட்கலாம். பன்னிரண்டு மாதம் வரையிலான பற்றாக்குறையை மன்னிக்க ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் இடம் இருக்கிறது. முதல் வழியில் அவர் தம் பக்கம் நியாயம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். அதற்கான யூனிட் ஏடுகள் இன்று இருப்பது அரிது. இரண்டாவது வழியில் நிரூபிக்க வேண்டியது மிகக் குறைவு. தன்மானம் முதல் வழியைக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் சான்று கைவசம் இல்லாதவர்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

ரெக்கார்ட் அலுவலகம் பதில் தராமல் இருந்தாலோ, மறுத்தாலோ, பலர் உடனே மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் பதிகிறார்கள், அல்லது அவ்வப்போது நடைபெறும் ஓய்வூதியக் குறைதீர் முகாமான ரக்ஷா பென்ஷன் அதாலத்துக்குச் செல்கிறார்கள். உறங்கும் கோப்பை எழுப்ப இவை உதவும். ஷீட் ரோல் சரி, ஆணை தவறு என்ற வகைப் பிழைகள் அதாலத்தில் ஒரே நாளில் தீர்வதும் உண்டு. மறுக்கப்பட்ட கோரிக்கையை மாற்றும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. மாவட்டத்தில் இயங்கும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம், படிவத்தைச் சரிபார்த்து முகப்புக் கடிதத்துடன் அனுப்பித் தரும். எழுதப் படிக்கச் சிரமப்படும் விதவைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

மறுப்பு எழுத்தில் வந்துவிட்டால், அல்லது விண்ணப்பித்து ஆறு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் வாசல் திறக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கிய இதற்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. ஓய்வுபெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய கிளையிலேயே மனு செய்யலாம் என்பதால், ஜபல்பூர் ரெக்கார்ட் அலுவலகத்தின் மீதான குறையையும் தேனியில் இருப்பவர் சென்னையில் சொல்லலாம். வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடவும் இடம் உண்டு. இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது. முன்னதாக ரெக்கார்ட் அலுவலகத்தை அணுகாமல் நேராக இங்கே வந்தால், பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவார்கள். அதனால்தான் ‘வெலிங்டனா, சென்னையா’ என்ற கேள்வியே ஒரு விதத்தில் தவறானது. வெலிங்டனின் பதில்தான் சென்னைக்கான நுழைவுச் சீட்டு.

காலதாமதத்தின் விலையையும் அறிந்துகொள்ள வேண்டும். மாதந்தோறும் குறைவாக வரும் ஓய்வூதியம் தொடர்ந்து நிகழும் தவறு என்பதால் எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று தர்செம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1990இல் தொடங்கிய குறைவை இன்று நிரூபித்தாலும், இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி போனது போனதுதான்.

உரிமையியல் நீதிமன்றத்தைப் பற்றி ஊரில் நிலவும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. ‘முன்சீப் கோர்ட்டில் ஒரு டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிவிடுங்கள்’ என்று சொல்லப்படும் யோசனையால் பணம் இழந்தவர்கள் ஏராளம். படைப்பணி தொடர்பான விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயச் சட்டத்தின் 33ஆம் பிரிவு விலக்குகிறது. இவர் இன்னாரின் மனைவி, இவர் இன்னாரின் மகன் என்பது போன்ற உறவு நிலையை அறிவிக்கக் கேட்பது வேறு. அங்கே அந்த நீதிமன்றம்தான் சரியான இடம், குறிப்பாக இரண்டு பெண்கள் ஒரே ஓய்வூதியத்துக்கு உரிமை கோரும்போது. அப்போதும் இந்திய ஒன்றியத்தை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் பெற்ற தீர்ப்பு ரெக்கார்ட் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது; சேர்ப்பதென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். செலவைக் குறைக்க இதைத் தவிர்த்துவிட்டு, கடைசியில் செல்லாத தீர்ப்போடு நிற்பது பரிதாபம். உயர் நீதிமன்றத்தின் பேராணை அதிகாரம் தீர்ப்பாயத்தால் பறிபோய்விடவில்லை என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அதைத் தீர்ப்பாயம் கைவிட்ட பிறகு நாடும் வழியாகவே கொள்வது விவேகம்.

நோய் அல்லது ஊனம் பற்றிய பதிவு தனி ரகம். ‘படைப்பணியால் ஏற்பட்டதும் அன்று, அதனால் மோசமானதும் அன்று’ என்று மருத்துவக் குழு எழுதிய வரியை எழுத்தர் திருத்த முடியாது. அது பிழையென்று காட்ட மேல்முறையீட்டுக் குழுக்களையும் பின்னர் தீர்ப்பாயத்தையும் நாட வேண்டும். இங்கே பழைய பதிவு மனுதாரருக்குச் சாதகமாக நிற்பது விந்தை. சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் அந்த நோயின் குறிப்பு இல்லையென்றால், பணியில்தான் வந்தது என்று கொள்வதே முறை. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசினுடையது என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே பதிவைத் திருத்தக் கேட்காமல், சேர்க்கைக்கால மருத்துவப் பதிவையும் விலகற்கால மருத்துவக் குழு அறிக்கையையும் தகவல் மனுவில் பெற்று இரண்டையும் அருகருகே வைப்பதே பயன்தரும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் இருப்பதால், அதன்பின் ஓய்வுபெற்றவர்கள் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பிச் செல்ல முடியாது.

இனி, படைவீரரின் பிறந்த தேதி. வாத்தியார் பள்ளியில் சேர்க்கும்போது மனம்போன தேதியை எழுதிய தலைமுறையில் இந்தப் பிழை இல்லாத வீடே குறைவு. ஆயினும் இதைத் திருத்தும் வழி எதுவும் இல்லை என்றே முடிவு செய்துகொள்வது நல்லது. பணியின் இறுதியில் பிறந்த தேதியை மாற்றக் கேட்கும் கோரிக்கைகளை உச்ச நீதிமன்றம் 1993இல் ஹர்நாம் சிங் வழக்கிலும் அதன் பின்பும் தொடர்ந்து நிராகரித்து வந்திருக்கிறது. தரைப்படைத் தலைவராக இருந்த ஜெனரல் வி.கே. சிங்கின் பிறந்த ஆண்டு, படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவின் ஏட்டில் 1951 என்றும் இன்னொரு பிரிவின் ஏட்டில் 1950 என்றும் இருந்தது. பள்ளிச் சான்று 1951 என்றது. பதவியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றம் சென்ற அவர், நீதிபதிகளின் போக்கைக் கண்டு 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். 1950ஐ அடிப்படையாகக் கொண்டே அந்த ஆண்டு மே மாதம் ஓய்வு பெற்றார். படைத்தலைவருக்கே கிடைக்காத திருத்தம், ஓய்வுபெற்று முப்பது ஆண்டான ஹவில்தாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவரை நம்ப வேண்டாம். படைப்பதிவிலுள்ள தேதிக்கு ஆதாரை இசைவிப்பதே இங்கு நடைமுறை வழி. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும் என்பதால் சான்றுகளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைவியின் பிறந்த தேதி இந்தத் தடைக்குள் வராது, அதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50 என ஏறி, 100 வயதில் ஓய்வூதியம் இரட்டிப்பாகும். பழைய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லை; இருந்தால் திருமணத்தின்போது யாரோ உத்தேசமாகச் சொன்ன ஆண்டு இருக்கும். பெயரும் அப்படித்தான்: ஷீட் ரோலில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி. கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவதற்கும் அவர் மறைந்தபின் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இன்று, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அவர் கையொப்பமிட்ட பிரமாணப் பத்திரம், மனைவியின் ஆதார், கிடைத்தால் திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றை ரெக்கார்ட் அலுவலகத்துக்கு அனுப்பினால், அங்கே பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு ஸ்பர்ஷிலும் சேர்க்க வழி பிறக்கும். அவர் இல்லாத நாளில், தாம்தான் அந்த லட்சுமி என்று எழுபது வயதுப் பெண் வாரிசுச் சான்றோடும் சாட்சிகளோடும் நிரூபிக்க வேண்டியிருக்கும். அது முடியும் வரை ஓய்வூதியம் தொடங்காது, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையும் சிக்கும்.

இவ்வளவு வழிகளில், கணவர் மனைவி இருவரும் இருக்கும் வீட்டில் ரெக்கார்ட் அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டிய கடிதம் இந்த ஒன்றுதான். பணிக்கால வழக்கும் மற்ற வழக்கும் இதற்குப் பின் வரட்டும். மேலே படை எண், பதவி, பெயர், ஓய்வூதிய ஆணை எண். கீழே ஒரே கோரிக்கை. வேறு எந்தக் குறையையும் அதே கடிதத்தில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் இரண்டு பிரிவுகளுக்குரிய கோரிக்கைகள் ஒரே தாளில் சென்றால் முதல் பிரிவிலேயே அந்தத் தாள் தங்கிவிடும். ஸ்பீட் போஸ்ட் ரசீதை நகலோடு பின் செய்து, டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும் உறையிலேயே வைக்கலாம். அந்த உறை எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.